ஆட்டு உயரம்

நான் தனியாக இருக்கிறேன். வீடு ஜவ்வாது மலை அடிவாரத்தில். ஒடுகத்தூர் போகிற பஸ் வீட்டு முன்னால் நிற்கும். ஒரு ஏக்கர் நிலக்கடலை, நாலு வெள்ளாடு. மனைவி போய் ஆறு வருடம். ஒரே மகள், பெங்களூரில் வேலை.

போன வருடம் கிணற்று மேட்டில் விழுந்தேன். மத்தியானம் வரை யாரும் பார்க்கவில்லை. மகள் வந்து வீட்டைப் பூட்டி என்னைக் கூட்டிப்போகப் பார்த்தாள். நான் மாட்டேன் என்றேன். இரண்டு நாள் தகராறு. கடைசியில் அவள் இறங்கி வந்தாள்.

"வூட்டுல மிஷினு வெக்கிறேன் நைனா. நீ இங்கியே இரு. ஆனா இன்னொரு தபா வுழுந்தேன்னா, ஆட்ட வித்துட்டு எங்கூட வந்துடணும். சம்மதமா?"

"சரி."

வேலூரிலிருந்து ஒருவர் வந்து மாட்டினார். சமையல் அறைச் சுவரில் ஒரு வெள்ளை டப்பா. ஆள் நடந்தால் அதில் சிவப்பு விளக்கு மின்னும், மகள் போனிலும் தெரியும். காலை எட்டு மணிக்குள் ஒரு தடவையாவது மின்னவில்லை என்றால் மகள் போனுக்குச் செய்தி போகும். ஜன்னல் பக்கம் இன்னொரு டப்பா. தினமும் காலையில் அதில் அவள் குரல் வரும். நான் பேசினால் அங்கே கேட்கும்.

முதல் வாரமே வம்பு. என் ஆடுகள் கழுநீர் குடிக்கச் சமையல் அறைக்குள் வரும். எப்போதும் அப்படித்தான். ஒரு நாள் நான் கொல்லையில் இருந்தேன். ஆடு உள்ளே போயிருக்கிறது. நான் வீட்டில் நடமாடுவதாக மகளுக்குச் செய்தி போய்விட்டது. மாட்டினவரைத் திரும்பக் கூப்பிட்டேன்.

"ஆட்ட வெளிய கட்டுங்க பெரியவரே," என்றார்.

"அதுங்க வூடும் இதான்."

அவர் சிரித்துக்கொண்டே டப்பாவைக் கொஞ்சம் மேலே திருப்பினார். "இடுப்புக்குக் கீழ எது போனாலும் இனிமே கண்டுக்காது. போதுமா?"

போதும் என்றேன்.

மார்கழியில் ஒரு காலை. ஆறரை இருக்கும். சமையல் அறைக்குள் இன்னும் போகவில்லை. ஆட்டுப் பட்டியைத் திறக்கப் போனேன். பனியில் படிக்கல் ஈரமாக இருந்தது. வழுக்கி வலது இடுப்பில் விழுந்தேன். எழப் பார்த்தேன். கால் வரவில்லை.

கத்தினால் பக்கத்து வீட்டுப் பெண் வருவாள். கத்தவில்லை. அவளுக்குத் தெரிந்தால் மகளுக்குத் தெரியும். அப்புறம் ஆடும் இல்லை, வீடும் இல்லை.

ஏழு மணி பஸ் ஹாரன் அடித்துப் போனது. எட்டுக்குள் டப்பா முன்னால் போய்விட்டால், மகள் வழக்கம்போல வேலைக்குக் கிளம்பிவிடுவாள். நான் ஒத்தடம் கொடுத்துக்கொண்டு படுத்துக்கொள்ளலாம். அப்படித்தான் நினைத்தேன்.

முழங்கையை ஊன்றி நகர்ந்தேன். பட்டியிலிருந்து வாசல் பதினைந்து அடி. நிலைப்படியில் இடுப்பு இடித்தது. துண்டை வாயில் கடித்துக்கொண்டேன். பின்னால் ஆடுகள் கத்த ஆரம்பித்தன.

உள்ளே போனபோது கடிகாரத்தில் ஏழே முக்கால். டப்பாவுக்கு நேர் கீழே கிடந்தேன். விளக்கு மின்னவில்லை. கையை ஆட்டினேன். மின்னவில்லை. கொஞ்சம் கழித்துத்தான் புரிந்தது. நான் ஆட்டு உயரத்தில் கிடந்தேன். எழுந்து நின்றால்தான் அதற்கு நான் ஆள்.

அடுப்பு மேடை விளிம்பைப் பிடித்தேன். முதல் தடவை கை வழுக்கியது. இரண்டாவது தடவை இடது காலை ஊன்றி உடம்பைத் தூக்கினேன். கண் இருட்டியது. எட்டுக்கு இரண்டு நிமிடம்.

விளக்கு மின்னியது.

அப்படியே சரிந்தேன். ஜெயித்துவிட்டேன் என்றுதான் இருந்தது.

உடனே ஜன்னல் டப்பா பேசியது.

"நைனா, டீ குடிச்சியா?"

"குடிச்சேன்."

"கொரலு ஏன் ஒரு மாதிரி கீது?"

"பனி."

"இன்னா பண்ற?"

"அடுப்பாண்ட நிக்கறேன்."

வெளியே ஆடுகள் கத்தின.

"நைனா, மணி எட்டு. ஆடு ஏன் இன்னும் பட்டியில கத்துது?"

ஆறரைக்கு மேல் என் பட்டி மூடியிருந்ததில்லை. சின்ன வயதில் அதைத் திறந்துவிடுவது அவள் வேலை.

"வுழுந்துட்டியா?"

"வுழுந்துட்டேன்."

"அப்புறம் மிஷினு எப்பிடி மின்னிச்சி?"

"எழுந்து நின்னேன்."

"அந்த ஒடம்போடயா? எதுக்கு?"

"நீ வேலைக்குப் போவணும்ல."

டப்பாவில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "ஆடாத. அப்பிடியே கெட," என்றாள்.

மகள் போன் செய்ததும் பக்கத்து வீட்டுப் பெண் ஓடி வந்தாள். "ஒரு கொரல் குடுத்தா இன்னா மாமா, வாய் தேஞ்சிப்பூடுமா?" திட்டிக்கொண்டே ஆட்டோவுக்கு ஆள் அனுப்பினாள். போகிற போக்கில் பட்டியையும் திறந்துவிட்டாள்.

இடுப்பில் கம்பி வைத்தார்கள். இரண்டு மாதம் பெங்களூரில் மகள் வீட்டில் இருந்தேன். ஆடுகளைப் பக்கத்து வீட்டுப் பெண் பார்த்துக்கொண்டாள். கோல் இல்லாமல் நடந்த அன்று நானே சொன்னேன்.

"பேசினது பேசினதுதான். ஆட்ட வித்துடு."

அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

"நீ வுழுந்ததுக்கு எனக்குக் கோவம் இல்ல. மறைச்சியே, அதான். இனிமே வுழுந்தா கத்துவியா?"

"கத்துவேன்."

"அப்போ போ."

இப்போது டப்பா தரை வரைக்கும் பார்க்கிறது. அதனால் சமையல் அறைக்கு ஒரு குட்டைத் தட்டிக் கதவு போட்டேன். கழுநீரை வெளியே வைக்கிறேன். ஆடுகளுக்கு இன்னும் பழகவில்லை. கதவுக்கு மேலே தலையை நீட்டிக்கொண்டு நிற்கின்றன.

காலையில் மகள் டீயைப் பற்றிக் கேட்பதில்லை.

"ஆட்ட அவுத்துட்டியா நைனா?"

"அவுத்துட்டேன்."

அவள் பட்டிப் பக்கம் கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் வைக்கிறாள்.