டி டிரைவில் மாட்டிக்கொண்ட கணக்குப் பாடங்கள்

என் மனைவி கணித ஆசிரியை. கரவனெல்லைக்கு மேலே, இறப்பர் தோட்டத்துக்குள் இருந்த தமிழ்ப் பாடசாலையில் சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குப் படிப்பித்தாள். நான் அதே தோட்டத்து ஆபீசில் கிளார்க். தமிழில் நல்ல பயிற்சிப் புத்தகம் கிடைப்பது எங்கள் பக்கத்தில் குதிரைக்கொம்பு. அதனால் பாடங்களை அவளே கம்ப்யூட்டரில் தட்டி, வீட்டில் அச்செடுத்து, பாடசாலையில் ரோணியோ மெஷினில் பிரதியெடுத்துக் கொடுப்பாள். ஒரு வட்டமும் அதற்குள் ஒரு முக்கோணமும் வரைந்து முடிக்க அவளுக்கு ஒரு மாலைப்பொழுது முழுவதும் போய்விடும். அப்படிச் சேர்ந்த பாடங்கள் எல்லாம் டி டிரைவில் இருந்தன. எங்கள் மகளின் சின்ன வயதுப் படங்களும் அங்கேதான்.

ஐப்பசி மழை. பின்னேரம் அவள் தட்டிக்கொண்டிருந்தபோது பெரிய இடி ஒன்று விழுந்து கரண்ட் போனது. திரும்பி வந்ததும் கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் ஓடியது. டி டிரைவை மட்டும் திறக்க முடியவில்லை.

"ஏங்க, கொஞ்சம் இங்க வாங்க."

இந்த டிரைவ் ஃபோர்மட் செய்யப்படவில்லை, இப்போது செய்யட்டுமா என்று திரை கேட்டுக்கொண்டிருந்தது.

"யெஸ் குடுத்தா தொறந்துருமா?" என்றேன்.

"தொறக்கும். உள்ள ஒன்னும் இருக்காது." அவள் 'நோ'வை அழுத்தி, கம்ப்யூட்டரை நிறுத்தி, வயரையும் கழற்றினாள். "இனிமே இத நீங்களும் போடாதீங்க. கம்ப்யூட்டரு புதுசா எதுனா எழுதிருச்சுன்னா பாடத்து மேலயே எழுதிரும்."

இரண்டு வருட உழைப்பு. நானாக இருந்தால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருப்பேன். அவள் குசினிக்குப் போய் மரவள்ளிக்கிழங்கை உரிக்கத் தொடங்கினாள். உரித்தபடியே தனக்குள் ஏதோ யோசித்துக்கொண்டிருந்தாள் என்பது கத்தி அடிக்கடி நின்றதில் தெரிந்தது.

மறுநாள் கம்ப்யூட்டர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு டவுனில் இருந்த கம்ப்யூட்டர் கடைக்குப் போனோம். கடைக்காரர் பார்த்துவிட்டு, ஃபோர்மட் அடித்தால் புதிதுபோல ஓடும், உள்ளே இருந்ததை மறந்துவிடுங்கள் என்று சிங்களத்தில் சொன்னார். மனைவி அவருக்கு நன்றி சொல்லிவிட்டு, பெட்டியைத் தூக்கும்படி எனக்குக் கண்காட்டினாள்.

வெளியே வந்ததும் எனக்குக் கோபம். அவளுக்கு இல்லை. "அவரு சொன்னது சரிதாங்க. அவருக்கு கம்ப்யூட்டர் ஓடணும். நமக்கு பாடம் வேணும். ரெண்டும் வேற வேற வேல."

அந்தச் சனிக்கிழமை இண்டர்நெட் வைத்திருந்த ஒரு கொமியூனிகேஷன் கடையில் போய் உட்கார்ந்தாள். மகளை வைத்துக்கொண்டு நான் வாசலில் நின்றேன். வெளியே வந்தபோது அவள் முகம் தெளிந்திருந்தது.

"டிஸ்க்குல டக்டக்குன்னு சத்தம் இல்ல, அதனால டிஸ்க் நல்லாத்தான் இருக்கு. டி டிரைவோட ஆரம்பத்துல, உள்ள எப்படி அடுக்கியிருக்குன்னு சொல்ற ஒரு சின்ன எடம் இருக்காம். அது கெட்டுப்போச்சு போல. அதோட கொப்பி ஒன்னு கடைசியில இருக்குமாம்."

"அப்ப அத எடுத்துப் போட்டுரலாமே?"

"போடலாம். ஆனா மொதல்ல பாடத்தையெல்லாம் வேற டிஸ்க்குக்கு எடுத்துரணும். அதுக்கப்புறம்தான் இதுல கை வைக்கணும். அவசரப்பட்டா இருக்கிறதும் போயிரும்."

வேறு பெரிய டிஸ்க் இருந்தது வரக்காப்பொலையில், அவளோடு ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் படித்த சிங்களத் தோழி வீட்டில். மகளை என் அம்மாவிடம் விட்டுவிட்டு, ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் துவாயில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினோம்.

அது யுத்தகாலம். வழியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். அடையாள அட்டையில் எங்கள் தமிழ்ப் பெயர்களைப் பார்த்த ராணுவக்காரர் பையைத் திறக்கச் சொன்னார். துவாயை அவிழ்த்ததும், "மே மொகக்த?", இது என்ன என்று கேட்டார். நான் என் மனைவியைப் பார்த்தேன்.

என் மனைவி சிங்களத்தில் நிதானமாகப் பேசினாள். தான் கணித டீச்சர் என்றும், பிள்ளைகளின் பாடங்கள் இதற்குள் மாட்டிக்கொண்டன என்றும், எடுப்பதற்காகத் தோழி வீட்டுக்குப் போவதாகவும் சொன்னாள். அவர் அதை ஒரு கையால் தூக்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மகத்தயா, கொஞ்சம் தட்டையாகப் பிடியுங்கள், ஆட்டினால் கெட்டுவிடும்" என்றாள் அவள்.

எனக்கு உயிர் போய்வந்தது. அவரோ உடனே இரண்டு கைகளாலும் அதைத் தட்டையாகப் பிடித்தார். மேலதிகாரி ஒருவரைக் கூப்பிட்டுக் காட்டினார். அந்த அதிகாரி எந்த வகுப்பு, எந்தப் பாடசாலை, தோழியின் வீடு எங்கே என்றெல்லாம் விசாரித்தார். எல்லாவற்றுக்கும் ஒரே குரலில் பதில் சொன்னாள். கடைசியில் துவாயைச் சுற்றி அவள் கையிலேயே கொடுத்தார்கள். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகும் அவள் அதை மடியிலிருந்து இறக்கவில்லை.

தோழியின் கம்ப்யூட்டரில் எங்கள் டிஸ்கை இரண்டாவதாகப் பூட்டினாள். அது தெரிந்தது, அளவும் சரியாக இருந்தது. கொமியூனிகேஷன் கடையில் சி.டி.யில் எழுதிக்கொண்டு வந்திருந்த இலவச மென்பொருளை ஓடவிட்டாள். பகல் சாப்பாட்டுக்குப் பிறகு கோப்புகள் ஒவ்வொன்றாக அடுத்த டிஸ்கில் வந்து விழுந்தன. தோழி ஆசையாக ஒன்றைத் திறந்தாள். ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கோடுமாக ஏதோ குப்பை.

"அனே, எல்லாம் நாசமாகிவிட்டதே" என்று அவள் வாயைப் பொத்தினாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

என் மனைவி திரையை உற்றுப் பார்த்தாள். அவள் விரல்கள் மேசை விளிம்பில் மெதுவாகத் தட்டத் தொடங்கின. பிறகு வாசித்தாள்: "வட்டமொன்றின் வில்லினால் மையத்தில்... எதிரமைக்கப்படும் கோணம்... எஞ்சிய பரிதியில் எதிரமைக்கப்படும் கோணத்தின் இருமடங்கு."

எங்கள் தமிழ் எழுத்துரு அந்தக் கம்ப்யூட்டரில் இல்லை, அவ்வளவுதான். அதனால் அவள் தட்டிய விசைகளின் ஆங்கில எழுத்துகளே திரையில் நின்றன. இரண்டு வருடம் தட்டிய விரல்களுக்கு அந்தக் குப்பை தமிழாகவே தெரிந்தது. அவள் சிரித்தபடி அடுத்த வரிக்குப் போனாள். கணக்கே வராத நான் அன்றைக்கு அந்தத் தேற்றத்தை முழுவதும் கேட்டேன்.

எல்லாம் பத்திரமாக வந்து சேர்ந்ததைப் பார்த்த பிறகுதான் பழைய டிஸ்கில் கை வைத்தாள். கடைசியில் இருந்த கொப்பியை ஆரம்பத்துக்கு எடுத்துப் போடச் செய்தாள். கம்ப்யூட்டரை நிறுத்தித் திரும்பப் போட்டபோது டி டிரைவ் திறந்தது. தோழி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

இடி விழுந்தபோது தட்டிக்கொண்டிருந்த பாடமும், மகளின் படங்கள் சிலவும் கிடைக்கவில்லை. சில படங்களில் மேல்பாதி மட்டும் இருந்தது. அவற்றை அவள் நெடுநேரம் பார்த்தாள்.

திரும்பும் பஸ்ஸில், "ரெண்டு நாளைக்கு ஓய்வெடு புள்ள" என்றேன்.

"அந்த ஒரு பாடத்த திரும்ப அடிக்கணும்ங்க. பிள்ளைகளுக்கு டிசம்பர்ல சோதனை."

அடித்தாள். பாடங்கள் எல்லாவற்றையும் சி.டி.யில் போட்டு, ஒன்றைப் பாடசாலையிலும் ஒன்றைத் தோழியிடமும் கொடுத்து வைத்தாள். டிசம்பருக்கு முன்பே வட்டத் தேற்றங்கள் முழுவதும் பிள்ளைகளின் கைக்குப் போய்விட்டன.