பாப்பாயி தைத்த மூட்டைகள்

மிளகு மூட்டைக்குள் பாப்பாயி முழங்கை வரை கையை விடுவாள். அடியில் ஈரம் தட்டினால் உருவிக்கொண்டு, இன்னும் ரெண்டு வெயில் போடச் சொல்வாள். காய்ந்திருந்தால் கோணி ஊசியை எடுப்பாள். எந்த வீட்டு மூட்டை என்று தெரிவதற்கு, அந்த வீட்டுப் பழைய சேலைக் கிழிசல் ஒன்றையும் வாயோடு சேர்த்துத் தைப்பாள். மலைமேல் வளப்பூர் நாட்டில் எங்கள் ஊர் மிளகெல்லாம் அப்படித்தான் பஸ் ஏறிக் கீழே போகும். கூட ஆள் போவதில்லை. அடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் மிளகு வியாபாரி பக்ருதீன் பாய் இறக்கிக்கொள்வார். பாப்பாயி தைத்தது என்றால் பிரிக்காமலே லாரிக்கு அனுப்பிவிடுவார்.

நான் அவளுடைய பக்கத்து வீடு. நாலாம் வகுப்போடு நின்றவள். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. குறுக்கே பேசமாட்டேன் என்பதாலேயே வெளியே போகும்போதெல்லாம் அவள் என்னைத் துணைக்கு அழைப்பாள்.

அவள் புருஷன் மிளகு பறிக்க ஏறிய மரத்திலிருந்து விழுந்து செத்தவன். மகள் வனிதா ஒருத்திதான் மிச்சம். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு முடிந்துவிடும். கீழே பள்ளி விடுதியிலும் இடமில்லை. பாயின் மனைவி ஜீனத் பீவிதான், தன் மகள் சாயிராவோடு தங்கள் வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று சொன்னார். ஊரில் யாருக்கும் இது பிடிக்கவில்லை. வேறு சாதி, வேறு சாமி, வயசுக்கு வரப்போகிற பெண் என்றார்கள்.

"மூட்டையப் பிரிக்காம வாங்குற மனுசருங்க. அவரு ஊட்டுல புள்ளைய உடறதுக்கு எனக்கென்ன பயம்?" என்றாள் பாப்பாயி.

சொன்னாளே தவிர பயம் இருந்தது. இரண்டு வருஷமாகச் சாயங்கால பஸ் வந்ததும் போய் நிற்பாள். கண்டக்டர் மாணிக்கம், புள்ள நல்லாருக்குது என்று தலையாட்டிய பிறகுதான் அடுப்பு மூட்டுவாள்.

தொண்ணூற்றொன்பதாம் வருஷம் தை மாதம் மலையைப் பனி மூடிக்கொண்டது. பாறையில் போட்ட மிளகு காயவே இல்லை. எல்லார் வீட்டிலும் அடுப்புக்கு மேலே பரணில் ஏற்றினோம். நன்றாகவே காய்ந்தது. பாப்பாயி கை விட்டுப் பார்த்துத் தைத்து அனுப்பினாள்.

வெளியூருக்குப் போன லோடு திரும்பிவிட்டது, பாய் வரச் சொன்னார் என்று மாணிக்கம் வந்து சொன்னபோது அவள் முகம் வெளுத்துவிட்டது. அர்த்தனாரி வாசலில் வந்து நின்றான். வருகிற ஆனியில் தன் மகளையும் கீழே அனுப்பலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தவன் அவன்.

"போ, போயி உம் புள்ளையக் கூட்டீட்டு வா. நம்ம மொளகே வேண்டாம்னவன் நம்ம புள்ளைய வெச்சுச் சோறு போடுவானா?"

பஸ்ஸில் வளைவுக்கு வளைவு நான் வாந்தி எடுத்தேன். அவள் என் முதுகைத் தடவியபடி ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டாள். முழுப்பரீட்சை வரைக்குமாவது வைத்துக்கொள்ள மாட்டார்களா என்று.

கடையில் பாய் எங்களைப் பார்த்துக் கோபப்படவில்லை. அதுவே எனக்குப் பயமாக இருந்தது. ஒரு பிடி மிளகை எடுத்து மோந்து பார்க்கச் சொன்னார். பாப்பாயி மோந்தாள்.

"மொளகு வாசந்தானுங்க."

என்னிடமும் நீட்டினார். எனக்கும் அப்படித்தான் இருந்தது. வேறு ஊர் மிளகைக் கொடுத்தார். வித்தியாசம் தெரியவில்லை. நாங்கள் பொய் சொல்வதாக நினைக்கிறாரோ என்று இன்னொரு தரம் மோந்தேன். அந்த நேரம் பள்ளிக்கூடம் விட்டு வனிதாவும் சாயிராவும் வந்தார்கள். பாய் வனிதாவைக் கூப்பிட்டு அவள் உள்ளங்கையில் மிளகை வைத்தார்.

வனிதா மோந்தாள். அம்மாவைப் பார்த்தாள்.

"சொல்லு சாமி," என்றாள் பாப்பாயி.

"நம்ம ஊட்டு வாசம் அடிக்குதும்மா. பொகை."

எங்கள் சேலை, போர்வை, சோறு எல்லாவற்றிலும் இருக்கிற புகை எங்கள் மூக்குக்கு எப்படித் தெரியும்? கீழே வந்து இருந்தவளுக்குத் தெரிந்தது. புகை பிடித்த மிளகை வெளியூரில் யாரும் வாங்கமாட்டார்கள் என்றார் பாய். இனிமேல் பிரித்துப் பார்க்காமல் எடுக்க முடியாது, மனசில் ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்றும் சொன்னார்.

பாப்பாயி முந்தானையை முறுக்கிக்கொண்டே இருந்தாள். "அப்ப புள்ளையக் கூட்டீட்டுப் போறதுங்களா?"

பாய்க்குப் புரியவில்லை. "மூட்டைக்கும் புள்ளைக்கும் என்னங்க சம்பந்தம்?"

உள்ளே இருந்து ஜீனத் பீவி, பரீட்சை வர்ற நேரத்துல இதென்ன பேச்சு என்று அதட்டினார். பாப்பாயிக்கு அந்த இரண்டுக்கும் சம்பந்தம் இருந்தது. கிளம்பும்போதுதான் கேட்டாள், இனிமேல் எங்கள் ஊர் மூட்டையை வனிதாவே பிரித்து மோந்து பார்க்கட்டும் என்று. பாய் சரி என்றார். வனிதாவின் முகம் சுருங்கியதை நான் பார்த்தேன். ஊர் மிளகை வேண்டாம் என்று சொல்கிற வேலை பன்னிரண்டு வயசுப் பெண்ணுக்கு.

ஊரில் இதைச் சொன்னபோது நிலைமை இன்னும் மோசமானது. பாய் தின்னச் சோறு போட்டுத் தனக்கு ஆள் பிடித்துவிட்டான் என்றான் அர்த்தனாரி. தாய் வீட்டு மூட்டையை மட்டும் நல்லது என்பாள், பாருங்கள் என்றாள் இன்னொருத்தி.

வெயில் வந்தது. மறுபடி பாறையில் காயவைத்துத் தைத்து அனுப்பினோம். அன்று சாயங்காலம் பஸ் நிற்கும் இடத்தில் பாதி ஊர் நின்றது. மாணிக்கம் மேலே ஏறி ஒரே ஒரு மூட்டையை இறக்கினான். அர்த்தனாரி பாய்ந்துபோய் வாயில் தைத்திருந்த கிழிசலைப் பார்த்தான். நீலச் சேலை. பாப்பாயியுடையது. பரணில் கிடந்த மிளகில் கொஞ்சத்தை, வெயிலில் போட்டால் வாசம் போய்விடும் என்று நம்பி, அதில் கலந்திருந்தாள்.

அர்த்தனாரி கிழிசலையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு குனிந்து மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு, "எங்க போடோணும் பாப்பாயி?" என்றான்.

அவள் காதில் அது விழவில்லை. பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்து, காலியாகிவிட்ட சீட்டுகளில் மகளைத் தேடிக் கடைசி வரை எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மூட்டை மட்டுந்தானுங்க வந்துது," என்றான் மாணிக்கம்.