அண்ணன் பள்ளத்தில் கட்டிய சுருக்குகள்

ப்ரீயு ஞாய் போன மாதம் காய்ச்சலில் இறந்தார். வயது ஐம்பத்தொன்று. எங்கள் கதூ பழங்குடி ஊர்களில் அவரளவுக்குக் கண்ணி வைத்தவர் இல்லை. பிற்பாடு அவரளவுக்குக் கண்ணி அகற்றியவரும் இல்லை.

சாவோலாவைக் காக்கும் எங்கள் ரோந்துக் குழுவில் பன்னிரண்டு வருடம் இருந்தார். நேரான இரண்டு கொம்பும் முகத்தில் வெள்ளைக் கோடுகளும் கொண்ட அந்த அரிய காட்டு விலங்கை எங்களில் உயிரோடு பார்த்தவர் அவர் ஒருவர்தான். அவர் இளைஞனாக இருந்தபோது, அவருடைய சுருக்கிலேயே அது கிடந்தது. கேட்டால், "சத்தமே போடல" என்பார்.

ரோந்து வரைபடத்தில் வடக்குச் சரிவின் பள்ளம் ஒன்று வெறுமையாக இருந்தது. பதினாறு வருடத்துக்கு முன் ஞாயின் அண்ணன் அங்கே கண்ணி கட்டும்போது மரம் விழுந்து செத்தார். கெட்ட சாவு நடந்த காட்டில் நாங்கள் கால் வைப்பதில்லை. அங்கே கிடக்கும் பொருள் செத்தவருடையது. தொட்டவன் சாவை ஊருக்குள் கூட்டி வருவான். வெளியூர் வன அதிகாரி கேட்டபோது, "அங்க செங்குத்துப் பாறை சார்" என்றோம். ஞாயும் அதையேதான் சொன்னார்.

போன வருடம் மே மாதம், பள்ளத்தின் வாயருகே நாங்கள் வைத்திருந்த கேமராவில் ஒரு சாவோலா பதிவாகியிருந்தது. அதன் தலை பள்ளத்தை நோக்கித் திரும்பியிருந்தது.

ஞாய் படத்தை வெகுநேரம் பார்த்தார். "உள்ள இருக்குற சுருக்கெல்லாம் நானும் அண்ணனும் கட்டுனது. பைக் பிரேக் கம்பி. மக்காது."

அவர் மனைவி நெங்கின் தம்பி திப் சிரித்தான். "விடுங்க மச்சான், உங்கண்ணனுக்கும் கறி வேணும்ல."

"கறிதான் வேணும்னா உன்னைய அனுப்புறேன்."

"என் கறி புளிக்கும். காலையிலேருந்து கள்ளு."

"பல்ல இளிக்காம கம்பிவெட்டியக் குடு."

திப்பின் சிரிப்பு நின்றது. "நெசமாவா? அக்கா வீட்டுக்குள்ள விடாது மச்சான்."

"தெரியும்."

தனியாகப் போனார். எந்த மரத்தடியில் எந்தச் சுருக்கு என்பது அவருக்கு மட்டுமே தெரியும். நான்கு நாளும் சோற்றை இலையில் கட்டிப் பள்ளத்தின் எல்லையில் வைத்தோம். அவர் திரும்பியபோது முதுகுக் கூடை நிறையக் கம்பி.

"சுருக்க இழுக்க வளைச்சு வச்ச கொப்பு பாதி செத்துப்போச்சு. சுருக்கு மட்டும் வாயத் தொறந்துக்கிட்டு நின்னுச்சு. ஒண்ணுல எலும்பு கெடந்துச்சு. பழசு."

"சாவோலாவா?"

"கொம்பு இருந்துச்சு."

"எடுத்தாந்திருந்தா ஊர்க்கூடத்துல மாட்டியிருக்கலாம்ல?" என்றான் திப்.

"கம்பி நானும் சேந்து கட்டுனது. கொம்பு அண்ணனோடது."

ஊர் அவரைச் சேர்க்கவில்லை. தம் வயற்காட்டுக் குடிசையிலேயே பதினொரு மாதம் இருந்தார். நெங் தினமும் சோற்றை வேலிக்கட்டையில் வைத்துவிட்டுப் பத்தடி தள்ளி நிற்பாள்.

"உப்பு சரியா இருக்கா?"

"கம்மி."

"வந்து போட்டுக்க வேண்டியதுதான?"

"விட்டா வரமாட்டனா?"

காய்ச்சல் கண்டபோது யாரும் குடிசைக்குள் போகவில்லை. மூன்றாம் நாள் திப் போய் அவரை முதுகில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தான். பாதி வழியில் உயிர் போய்விட்டது.

இப்போது வரைபடத்தில் அந்த இடம் வெறுமையாக இல்லை; அவரைத் தனியே விட்ட பிறகு எங்களுக்கும் போகாமலிருக்க முடியவில்லை. பள்ளத்தின் வாயில் திப் அண்ணன் தம்பி இருவருக்கும் இரண்டு சிட்டிகைப் புகையிலை வைத்துவிட்டு முதல் ஆளாக இறங்குவான். உள்ளே ஒரு கேமரா கட்டியிருக்கிறோம். இதுவரை கேளையாடு என்ற சின்ன மானும் முள்ளம்பன்றியும் வந்திருக்கின்றன. சாவோலா இன்னும் வரவில்லை.