சொல்லாமல் விட்ட சிவப்பு ஒயர்

தொண்ணூறுகளின் நடுவில் அடையாறில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் முனைவர் பட்டத்துக்குப் படித்துக்கொண்டிருந்தேன். என் வேலையைச் சொன்னால் வீட்டில் சிரிப்பார்கள். ஓர் அலுமினியப் பட்டையை ஒரு முனையில் இறுக்கிப் பிடித்து, மறுமுனையைச் சுண்டிவிட்டு, அது ஆடுவதை நிறுத்த வேண்டும். கை படக்கூடாது. பட்டையின் இரு பக்கமும் பீசோ வில்லைகள் ஒட்டியிருக்கும். பீங்கான் மாதிரி, தொட்டால் உடையும். பட்டை வளையும்போது ஒரு வில்லை கொஞ்சம் மின்சாரம் தரும். அதை ஒரு சர்க்யூட்டில் பெருக்கி எதிர்ப்பக்கத்து வில்லைக்குக் கொடுத்தால், அது சுருங்கி விரிந்து ஆட்டத்துக்கு எதிராக இழுக்கும். சும்மா விட்டால் ஒரு நிமிடம் ஆடுகிற பட்டை இரண்டு விநாடியில் நின்றுவிட வேண்டும்.

என் பட்டை நிற்கவில்லை. எனக்கு ஒரு வருடம் பின்னால் சேர்ந்தவனுடையது நின்றது.

அவன் வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து தி.நகரில் துணிக்கடை வைத்தவர்கள். எங்கள் மயிலாப்பூர் வீட்டில் மூன்று தலைமுறையாக வாத்தியார்கள். கணக்கு எங்கள் வீட்டுச் சொத்து என்ற நினைப்பு எனக்கு இருந்தது. அவன் வில்லை ஒட்டுவதைப் பார்க்கப் பேராசிரியரே வந்து நிற்பார். பசையில் ஒரு காற்றுக்குமிழி இருக்காது.

"எப்படிப்பா?" என்று ஒருநாள் கேட்டார்.

"கடை ஷோகேஸ்ல ஸ்டிக்கர் ஒட்டின கை சார். நடுவுலேர்ந்து ஓரத்துக்குத் தள்ளணும், அவ்ளோதான்."

பேராசிரியர் வாய்விட்டுச் சிரித்தார். மூன்று வருடத்தில் என்னிடம் அவர் அப்படிச் சிரித்ததில்லை.

பிறகு டில்லியிலிருந்து ஒரு குழு வருவதாக இருந்தது. அவர்கள் பார்த்துச் சரி என்றால்தான் எங்கள் திட்டம் தொடரும். அவன் பட்டையைக் காட்டுவது என்று முடிவானது. என்னுடையது அடுத்த மேஜையில் ஓரமாகக் கிடந்தது. அவர்கள் வரும் நாள் காலையில் அவன் மேஜையை நகர்த்துவதற்காக ஒயர்களைக் கழற்றி, அவசரத்தில் மறுபடி மாட்டியிருந்தான். நான் குனிந்து பார்த்தேன். சிவப்பு ஒயர் கறுப்பின் இடத்தில் இருந்தது. அப்படி மாறினால் வில்லை ஆட்டத்தை எதிர்க்காது. ஆட்டத்தோடு சேர்ந்து தள்ளும்.

சொல்ல வாயெடுத்தேன். நிமிர்ந்தேன். பேசாமல் ஜன்னல் பக்கம் போய் நின்றுகொண்டேன்.

குழு வந்தது. அவன் பட்டையைச் சுண்டி, சுவிட்சைப் போட்டான். பட்டை நிற்பதற்குப் பதில் இன்னும் அகலமாக வீசியது. உறுமல் மாதிரி ஒரு சத்தம் எழுந்தது. முன்வரிசையில் நின்றவர் பின்னால் நகர்ந்தார். அவன் பாய்ந்து சுவிட்சை அணைப்பதற்குள் 'டக்'கென்று வில்லை விரிசல் விட்டது.

"என்ன ஆச்சு?" என்றார் பேராசிரியர்.

"ஒயரை மாத்தி மாட்டிட்டேன் சார். என் தப்புதான்."

குழுவைக் காப்பிக்கு அழைத்துப் போனார்கள். அவன் என்னிடம் ஓடி வந்தான்.

"மச்சி, உன் பட்டைய குடு."

"அது நிக்காதுடா."

"குடேன், பாப்போம்."

பத்து நிமிடத்தில் என் பட்டையைத் தன் சர்க்யூட்டோடு இணைத்தான். இந்த முறை ஒயர்களை இரண்டு தடவை சரிபார்த்தான். குழு திரும்பி வந்ததும் சுண்டினான். என் பட்டை, மூன்று வருடம் எனக்கு அடங்காதது, இரண்டு எண்ணுவதற்குள் நின்றது. நான் பசையைக் குறை சொல்லிக்கொண்டிருந்தேன். பிசகு என் சர்க்யூட்டில் இருந்திருக்கிறது. எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அவன் பட்டை நின்றபோதுகூட வராத எரிச்சல் அப்போது வந்தது.

சாயங்காலம் இருவரும் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போனோம். அவனாகவே ஆரம்பித்தான்.

"காலைல நீ குனிஞ்சு ஒயரைப் பாத்தேல்ல? நானும் ஒரு தடவ செக் பண்ணணும்னுதான் இருந்தேன். நீயே பாத்துட்டு ஒண்ணும் சொல்லல. அப்ப கரெக்டாத்தான் இருக்கும்னு விட்டுட்டேன்."

மண்ணைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "தப்பா இருந்தது எனக்குத் தெரியும். தெரிஞ்சுதான் சொல்லல."

"அந்த வில்லை வெளிநாட்லேர்ந்து வர மூணு மாசம் ஆச்சு மச்சி," என்றான். எழுந்து பேண்ட்டில் ஒட்டிய மணலைத் தட்டிவிட்டு நடந்தான்.

பேராசிரியரிடம் அவன் சொல்லவில்லை. என்னோடு பேசுவதையும் நிறுத்தவில்லை. ஆனால் அதன்பின் ஒயரைச் சரிபார்க்க வேறு யாரையாவதுதான் கூப்பிடுவான். நான் பக்கத்திலேயே இருந்தாலும்.

இந்தச் சோதனை பற்றி அவன் எழுதிய கட்டுரை அச்சானபோது என் பெயரையும் போட்டிருந்தான். என் பட்டையில் எடுத்த அளவுகளும் அதில் இருந்தன. அம்மா அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள்.

"ஏண்டா, உன் பட்டையிலதானே பண்ணினேள்? உன் பேர் ஏன் ரெண்டாவதா இருக்கு? நம்மாத்துல யாரும் ரெண்டாவதா வந்ததில்லையே."

"ரெண்டாவதா போட்டதே ஜாஸ்திம்மா," என்றேன்.

நிஜமாகத்தான் சொன்னேன். அப்படிச் சொல்லும்போதும், மேலே இருந்த அவன் பெயரைப் பார்க்க வயிறு எரிந்தது.