அன்றைக்கு அம்மா அடித்தது, மறுநாள் அடிக்கவில்லை

அம்மாவின் தலையில் பஞ்சு ஒட்டியிருந்தது. வகுப்பு வாசலில் வந்து நின்றபோது அதைத்தான் முதலில் பார்த்தேன். வேலை செய்கிற தறி செட்டிலிருந்து அம்மா அப்படியே வந்துவிட்டது...

அந்த வகுப்பில் இருந்த நாலு பேர் இந்த ஊர் வாட்ஸ்அப் குரூப்பில் இருக்கிறீர்கள். உங்களுக்கு ஞாபகம் இருக்கும். மூன்று வருடம் முன்னால், ஒன்பதாம் வகுப்பு, மாசி மாத வெயில். மூன்று நாளாக நான் யூனிஃபார்ம் போட்டு பஸ் ஏறி, பள்ளிக்கு வராமல் கண்மாய்க் கரையில் உட்கார்ந்திருந்தேன். யாரோ பார்த்து அம்மாவிடம் சொல்லிவிட்டார்கள்.

சார் தன்மையாகத்தான் சொன்னார். "இப்பல்லாம் அடிக்கக் கூடாதும்மா. வீட்டுல வச்சுப் பேசிக்கோங்க."

"நீங்க அடிக்க மாட்டீகன்னுதான் சார், சோலியப் போட்டுட்டு நானே வந்தேன்."

மேஜையில் இருந்த மர ஸ்கேலை எடுத்து முழங்காலுக்குக் கீழே ஆறு அடி. கை ஓங்கும்போதெல்லாம் தலையிலிருந்து பஞ்சு உதிர்ந்து முதல் பெஞ்சில் விழுந்தது. யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடப் பரவாயில்லை என்று இருந்தது.

மறுநாள் காலையில் அம்மா எனக்குத் தலை சீவி ரிப்பன் கட்டிவிட்டது. காலில் தேங்காய் எண்ணெய் தடவியது. பஸ் வந்தது, போனது. நான் எழுந்திருக்கவில்லை.

"போகலையா?"

"இல்லம்மா."

அம்மா என்னையே பார்த்துக்கொண்டு நின்றது. அடிக்கவில்லை. அப்புறம் ஒருநாளும் அடிக்கவே இல்லை. அடுத்த வாரம் நானும் தறி செட்டில் தார்க்குச்சியில் நூல் சுற்றப் போய்விட்டேன்.

போன வாரம் குரூப்பில் ஒரு மெசேஜ் வந்தது. அடி வாங்கி வளர்ந்ததால்தான் நாம் உருப்பட்டோம் என்று. பாதிப் பேர் ஹார்ட் போட்டிருந்தீர்கள். மீதிப் பேர், பிள்ளையை அடிக்கிறவர்கள் மனிதர்களே இல்லை என்று சண்டை போட்டீர்கள். நான் இரண்டு தடவை டைப் செய்து இரண்டு தடவையும் அழித்தேன்...

எனக்குத் தெரியவில்லை. முதல் நாள் அடித்ததால் படிப்பு போனதா, மறுநாள் அடிக்காததால் போனதா? மறுநாளும் ரெண்டு அடி வைத்திருந்தால் அழுதுகொண்டே பஸ் ஏறியிருப்பேனோ? இப்படி நினைக்கிறது சரிதானா என்றும் தெரியவில்லை. அம்மா கெட்டது இல்லை. அதுமட்டும் தெரியும்.

நேற்று பதினோரு மணி இருக்கும். என் தங்கச்சி புத்தகப் பையோடு செட்டு வாசலில் வந்து நின்றாள். ஆறாம் வகுப்பு, நான் படித்த அதே பள்ளி. இடைவேளையில் யாரிடமும் சொல்லாமல் வந்துவிட்டாள்.

அம்மா தறியை நிறுத்திவிட்டுப் போனது. கை மேலே போனது. பாதியில் நின்று, முந்தானையைச் சரிசெய்து கீழே இறங்கியது. என் பக்கம் திரும்பி, "நீ கேளுடி. எனக்கு அடிக்கவும் பயமா இருக்கு, விடவும் பயமா இருக்கு" என்றது.

அம்மா வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அப்போதுதான் கேட்டேன்.

தங்கச்சியைத் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கூட்டிப்போய், "ஏன் வந்த?" என்று கேட்டேன்.

பை வாரைப் பிடித்துத் திருகினாள். அப்புறம், "எந்திரிச்சு வாசிக்கச் சொல்றாகக்கா. எல்லாரும் பாக்குறாக. வாயே வர மாட்டேங்குது."

எனக்குக் கண்மாய்க் கரை ஞாபகம் வந்தது. மூன்று நாள் நான் அங்கே உட்கார்ந்திருந்ததும் இதற்குத்தான். அன்றைக்கு இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேனா... அதுவும் தெரியவில்லை.

"டீச்சர்ட்ட நீ சொல்லுறியாக்கா?" என்றாள்.

மூன்று வருடமாக அந்தப் பள்ளி கேட்டைத் தாண்டி நான் உள்ளே போனதில்லை. பஸ்ஸில் போகும்போதுகூட அந்தப் பக்கம் உட்கார மாட்டேன்.

அவள் பையை வாங்கித் தோளில் மாட்டிக்கொண்டேன். செட்டிலிருந்து பள்ளி பக்கம்தான், நடந்தே போனோம். வகுப்பு வாசலில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். தலையில் இருந்த பஞ்சைத் தட்டிவிட்டு உள்ளே போனேன்.