எவ்வளவு பொறுக்க வேண்டும்?

இன்று காலை பருத்தித்துறையில் கறன்ற் போய், நான் தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் திரும்பி வந்துவிட்டது. வந்ததும் என் கை தன்பாட்டில் கைபேசியைச் சார்ஜில் போட்டது. ஏற்கனவே நிரம்பிக் கிடந்த கைபேசி! பற்றறி எவ்வளவு இருக்கிறதென்று பார்த்துவிட்டுச் செருகுகிற வழக்கம் இங்கே யாருக்கு இருக்கிறது? கறன்ற் வந்தால் செருகு, அவ்வளவுதான். இந்தப் பழக்கம் ஒருதடவை எங்களை என்ன பாடு படுத்தியது தெரியுமா? சொல்கிறேன், சிரிக்கக்கூடாது.

அது மணிக்கணக்கில் மின்சாரத்தை வெட்டிக்கொண்டிருந்த காலம். யாழ்ப்பாண நகரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். பெரிதாக நினைக்காதீர்கள்: நான், ரமணன், சுகந்தி, ஒரு பிரின்டர். மீன்பிடி வள்ளங்களில் பூட்டுகிற சின்னப் பெட்டிக்குக் கணினி நிரல் எழுதினோம். வள்ளம் நிற்கிற இடத்தைப் பெட்டி ரேடியோ அலையில் சொல்லும்; கரையில் இருப்பவர்கள் திரையில் அதை ஒரு புள்ளியாகப் பார்க்கலாம். கீழே பாண் சுடுகிற போறணையிலிருந்து வாசம் படியேறி வரும். இன்றைக்கும் சுடச்சுடப் பாண் மணந்தால் எனக்குப் பசி வராது, புரொசசர்தான் ஞாபகம் வரும். என்ன பிறவியோ!

கறன்ற் இருக்கும்போது நிரலைத் தாளில் அச்சடித்துக்கொள்வோம். போனதும் யன்னலோரம் இருந்து வாசிப்போம். அதற்குச் சுகந்தி ஒரு முறை வைத்திருந்தாள். நிரலுக்கு இடையிடையே மனிதருக்காக எழுதும் விளக்கக் குறிப்புகள் உண்டு. கணினி அவற்றைத் திரும்பியும் பார்க்காது. ஒருவர் அந்தக் குறிப்பை மட்டும் உரக்க வாசிக்க வேண்டும். மற்றவர் நிரலைப் பாராமல், அங்கே என்ன நடக்குமென்று சொல்ல வேண்டும். சொன்னது பிழைத்தால் குறிப்பைத் திருத்த வேண்டும்.

அன்று வாசித்தது புரொசசரின் கடிகாரத்தை ஓட்டுகிற பகுதி. நேரம் காட்டுகிற கடிகாரமல்ல. புரொசசர் ஒவ்வொரு அடியும் எடுத்துவைக்கிற தாளம். பெட்டி சும்மா கிடக்கையில் தாளத்தைக் குறைத்துப் பற்றறியை மிச்சம் பிடிப்போம், செய்தி அனுப்பும்போது கூட்டுவோம். கூட்டுமுன் மின்னழுத்தம் ஏறும்வரை காத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் புரொசசர் நின்றுவிடும். அந்த இடத்தில் ரமணன் எழுதியிருந்தது இவ்வளவுதான்: ‘கொஞ்சம் பொறு.’

“கொஞ்சம் எண்டா எவ்வளவு? ஏன் பொறுக்கோணும்?” என்றாள் சுகந்தி.

“மேசையிலை வடிவா ஓடுதெல்லே. பொறுக்கிற நேரத்தை இன்னும் குறைச்சும் பாத்தன், அப்பவும் ஓடுது,” என்றான் ரமணன்.

அந்த நேரம் பார்த்துக் கறன்ற் வந்துவிட்டது. ஆளுக்கொரு வயரோடு பிளக்கைத் தேடி ஓடினோம். குறிப்பு அப்படியே கிடந்தது.

பிறகு பெட்டி வல்வெட்டித்துறையில் சுகந்தியின் அண்ணனின் வள்ளத்தில் ஏறியது. சில நாள் புள்ளி ஒழுங்காக நகர்ந்தது. ஒருநாள் காலை, அண்ணன் கடலில் நிற்கையில், கைபேசிச் சிக்னல் எட்டாத தூரத்தில், அப்படியே நின்றுவிட்டது. வெளியே காற்றும் எழும்பியிருந்தது.

“பெட்டிதான் நிண்டிருக்கும்,” என்றான் ரமணன்.

“பெட்டியோ வள்ளமோ எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?” என்று கேட்டாள் சுகந்தி.

மத்தியானம் அண்ணன் தொலைபேசியில் வந்தார். “கரைக்கு வந்திட்டன். உங்கடை பெட்டி செத்துப்போச்சு. எடி, ஏன் அழுகிறாய்?” அவள் அழுததைப் பார்த்து எனக்கும் அழுகை வந்தது.

மேசையில் ஓடுகிற பெட்டி கடலில் ஏன் சாகிறது? இந்தக் கேள்வி எங்களைத் தூங்கவிடவில்லை. பெட்டி திரும்பி வந்தபோது பற்றறி வற்றிக் கிடந்தது. சார்ஜில் போட்டால் ஒன்றும் நடவாததுபோல் ஓடியது. “கடலெண்டாப் பயமோ உதுக்கு?” என்றான் ரமணன். மறுநாள் கறன்ற் வந்ததும் பெட்டியைச் செருகப் போன சுகந்தி பாதியில் நின்றாள்.

“ஐயோ, நாங்கள் இதின்ரை பற்றறியை ஒருநாளும் இறங்க விட்டதேயில்லை!”

உண்மைதான். எங்கள் மேசையில் எந்தப் பற்றறியும் நிரம்பியே இருக்கும். இறங்கிய பற்றறியில் மின்னழுத்தம் மெதுவாகத்தான் ஏறும். ரமணனின் ‘கொஞ்சம்’ அதற்குப் போதவில்லை. வேண்டுமென்றே பெட்டியைச் செருகாமல் விட்டோம். கை துறுதுறுவென்றது, ரமணன் தன் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருந்தான். கடைசியில் பெட்டி எங்கள் கண்முன்னே செத்தது. நாங்கள் கைதட்டினோம்!

காத்திருக்கும் நேரத்தைக் கூட்டினோம். குறிப்பைச் சுகந்தி எழுதினாள்: ‘மின்னழுத்தம் ஏறியபின்தான் வேகத்தைக் கூட்டலாம். பற்றறி இறங்கியிருந்தால் மெதுவாக ஏறும். நிரம்பிய பற்றறியில் பரிசோதித்துவிட்டு இந்த நேரத்தைக் குறைக்காதீர்கள். கடலில் ஆட்கள் இருக்கிறார்கள்.’

அந்த மேல்மாடியில் இப்போது கைபேசிக் கடை. ரமணன் கொழும்பில், சுகந்தி கனடாவில். நிரல் குறிப்புகளைச் செயற்கை நுண்ணறிவே மினுக்கித் தருகிறது. யாரும் யாருக்கும் உரக்க வாசிப்பதில்லை. வள்ளங்களுக்கு வெளிநாட்டுப் பெட்டிகள் வந்துவிட்டன. எங்கள் நிரல் சாவகச்சேரிப் பக்கத் தோட்டங்களில் கிணற்று மோட்டர்களை ஓட்டுகிறது. போன மாதம் அதைச் சரிபார்க்கும்போது சுகந்தியின் குறிப்பில் ‘கடலில் ஆட்கள் இருக்கிறார்கள்’ என்ற கடைசி வரி பிழையாக நின்றது. எடுக்க மனம் வரவில்லை. சுகந்தியிடம் கேட்டேன். குரலில் பதில் அனுப்பினாள்.

“அண்ணை வள்ளத்தையே வித்துப்போட்டார். இல்லாத ஆளைக் கடலிலை விடாதையும். எடும்.”

எடுத்துவிட்டேன். எங்கள் நிரலில் இப்போது கடலில் ஒருவருமில்லை.