பின்சீட்டுக்காரி

போடி கடைத்தெருவில் சொட்டுநீர்க் குழாயும் பம்ப்செட் சாமானும் விற்கும் ஞானசிகாமணிக்கு வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. ஆள் சாது. புல்லட் என்று பேச்செடுத்தால் மட்டும் பிடித்து நிறுத்த முடியாது. கல்யாணமான புதிதில் வாங்கிய வண்டி அது. ஞாயிறு ஆராதனை முடிந்த கையோடு மனைவி சாராளைப் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு தேவாரம், உத்தமபாளையம், கம்பம் என்று சுற்றக் கிளம்பிவிடுவார். ராயப்பன்பட்டிப் பக்கம் ஏதாவது திராட்சைத் தோட்டத்து வாசலில் நிறுத்தி, ஒரு கொத்து வாங்கி, அங்கேயே நின்று தின்றுவிட்டுத் திரும்புவார்கள். பிள்ளைகள் படித்துச் சென்னைக்குப் போன பிறகும் இந்தப் பழக்கம் விடவில்லை. ஊரில் சிலர் கேலி பேசினார்கள். பேசியவர்களில் பாதிப் பேர் பொறாமையில்தான் பேசினார்கள் என்று அடித்துச் சொல்லலாம்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால், குச்சனூர் வளைவோடு அந்தச் சுற்றல் நின்றுபோனது. டிராக்டரிலிருந்து சிந்திய மணல் ரோட்டில் பரவிக் கிடந்தது. வண்டி சறுக்கி இரண்டு பேரும் விழுந்தார்கள். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு. சாராளுக்கு வலது மணிக்கட்டு முறிந்தது. தூக்கிவிட ஓடிவந்தவர்களிடம் ஞானசிகாமணி முதலில் சொன்னது, "பின்னால உக்காந்திருந்தவ அசைஞ்சுட்டா. பேலன்ஸ் போயிருச்சு" என்பதுதான்.

அசைந்தது உண்மை. வயலில் கொக்குக் கூட்டம் இறங்குவதைப் பார்க்க சாராள் திரும்பியிருந்தாள். அதனால்தான் விழுந்தோம் என்று அவரும் மனதார நம்பினார். நம்பியதோடு விட்டிருக்கலாம். அடுத்த ஞாயிறு சபையில், சாட்சி சொல்லும் நேரத்தில் எழுந்து, மனைவி அசைந்து வண்டி சாய்ந்த கதையையும் கர்த்தர் இருவரையும் காப்பாற்றிய கதையையும் நீட்டி முழக்கினார். கையில் மாவுக்கட்டோடு பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்த சாராள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அதற்குப் பிறகு அவள் புல்லட்டில் ஏறவே இல்லை. சந்தைக்கு மினிபஸ், சபைக்கு ஷேர் ஆட்டோ. எப்போது கூப்பிட்டாலும், "எனக்கு ஒத்து வராது, நீங்க போய்ட்டு வாங்க" என்பாள். அவரும் தனியாகப் போய்ப் பார்த்தார். தேவாரத்தில் ஒரு டீயைக் குடித்துவிட்டுத் திரும்பிவிடுவார். ஒரு கொத்துத் திராட்சையை ஒற்றை ஆளாக நின்று எவ்வளவுதான் தின்பது? முதுகுக்குப் பின்னால் அவள் பேச்சில்லாமல் அவருக்கு ரோடு ரோடாகவே இல்லை.

மணலைக் கண்டு பயந்துவிட்டாள் என்று முடிவுகட்டினார். தான் மணலில் ஓட்டப் பழகிவிட்டால் அவள் பயம் தெளியும், மறுபடி ஏறுவாள் என்று கணக்குப் போட்டார். தேவாரம் மலையடிவாரத்தில் ஷர்மின் என்ற உத்தமபாளையத்துப் பெண் தன் தகப்பனாரின் தரிசு நிலத்தில் மேடும் பள்ளமும் வெட்டி, டர்ட் பைக் ஓட்டக் கற்றுத் தருகிறாள் என்று கேள்விப்பட்டார். ஒரு சனிக்கிழமை கடையை அடைத்துவிட்டுக் கிளம்பினார்.

"இந்த வயசுல எதுக்கு இந்த வேண்டாத வேல?" புளிச்சோற்றுப் பொட்டலத்தைக் கையில் கொடுத்தாள் சாராள். "போறதுதான் போறீக, விழுந்து கிழுந்து வச்சிராதீக."

"நான் மணல்ல பழகிட்டா நீ ஏறுவல்ல?"

"பாப்போம்" என்று உள்ளே போய்விட்டாள்.

ஷர்மினுக்கு முப்பது வயதுகூட இருக்காது. முட்டிக்குக் கவசம், கனத்த பூட்ஸ், நெஞ்சுக்கு ஒரு பிளாஸ்டிக் சட்டை என்று அவருக்கு ஒவ்வொன்றாக மாட்டிவிட்டாள். வண்டியைப் பார்த்ததும் ஞானசிகாமணிக்குச் சப்பென்று போனது. கண்ணாடி இல்லை, லைட் இல்லை, ஹாரன்கூட இல்லை. போடிமெட்டு மலை ரோட்டில் வளைவுக்கு வளைவு ஹாரன் அடித்தே பழகிய கட்டைவிரல் சும்மா தேடிக்கொண்டிருந்தது.

"அங்கிள், ஏன் டேங்கோட ஒட்டி உக்காந்திருக்கீக? பின்னால யாரும் ஏறப்போறாகளா?" என்று ஷர்மின் சிரித்தாள்.

அப்போதுதான் அவரே கவனித்தார். பின்னால் ஒரு ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்திருந்தார். "வீட்ல வருவாகத்தா. பழக்கதோசம்" என்று வெட்கத்தோடு நகர்ந்தார்.

மேட்டில் ஏறி இறங்குவது சீக்கிரமே கைவந்தது. நின்றுகொண்டே ஓட்டும்போது சின்னப் பையனைப் போல ஒரு குஷியும் வந்தது. மணல் கொட்டிய வளைவில்தான் வந்தது வினை. ஹேண்டிலைத் திருப்பினார், வண்டி படுத்தது. எழுந்து மறுபடி வந்தார், மறுபடியும் படுத்தது.

ஷர்மின் ஓடிவந்தாள். "வளைவக் கண்டதும் முன் பிரேக்கப் பிடிச்சிர்றீக அங்கிள். மணல்ல திருப்பும்போது அதப் பிடிச்சா முன்சக்கரம் வழுக்கிரும்."

"நான் பிடிக்கலத்தா."

"உங்களுக்கே தெரியல. வெரலப் பாருங்க."

பார்த்தார். வண்டி கீழே கிடக்கிறது. வலது கையின் நான்கு விரல்களும் இன்னும் பிரேக்கை இறுக்கிக்கொண்டிருந்தன.

மூன்றாம் தடவை விழுந்தபோது அவருக்குப் பிடிபட்டது. ஹேண்டில் முதலில் லேசாகிறது, பிறகு உள்பக்கம் மடங்குகிறது, அப்புறம் தரை. குச்சனூரில் நடந்ததும் இதேதான், இதே வரிசையில்தான். அங்கே பின்னால் சாராள் இருந்தாள். இங்கே யார் இருக்கிறார்கள்? பின்சீட்டே இல்லாத வண்டியில் யார் அசைந்தார்கள்?

எழுந்திருக்காமல் மணலிலேயே உட்கார்ந்திருந்தார்.

"அடி பலமா அங்கிள்?"

"இல்லத்தா. எந்திரிக்க மனசு வரல."

விழுந்த இடத்தோடு விட்டுவிட்டுப் போகக் கூடாது என்று ஷர்மின் வம்படியாக ஏற்றிவிட்டாள். இந்தத் தடவை முன் பிரேக்கிலிருந்து விரலை எடுத்துவிட்டு, வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, திரும்பும்போது ஆக்சிலேட்டரை லேசாக முறுக்கினார். வண்டி சமர்த்தாகக் கடந்தது. ஷர்மின் கைதட்டினாள். எதற்காக வந்தாரோ அது கிடைத்துவிட்டது. அதைக் கொண்டாடத்தான் மனசில்லை.

வழி நெடுக ஒரு யோசனை கூடவே வந்தது. 'பழகிட்டேன், வா' என்று மட்டும் சொன்னால் போதாதா? நடந்தது யாருக்குத் தெரியும்? யோசனை நல்ல யோசனைதான். வீட்டுக்குப் பின்னால் போய்ப் பார்க்கும்வரை தாக்குப்பிடித்தது. அங்கே சாராள் ஈரப் போர்வையின் ஒரு முனையைக் குழாயில் சுற்றி, மறு முனையை இடது கையால் முறுக்கிப் பிழிந்துகொண்டிருந்தாள். வலது மணிக்கட்டு இன்னும் முறுக்க வராது.

போர்வையின் ஒரு முனையை அவர் வாங்கிக்கொண்டார். "சாராளு, அன்னைக்கு விழுந்தது உன்னால இல்ல. நான் முன் பிரேக்கப் பிடிச்சேன். இன்னைக்குத் தனியா ஓட்டும்போதும் அதே மாதிரிதான் விழுந்தேன்."

அவள் பிழிவதை நிறுத்தினாள். "நான் அசைஞ்சேன்ல?"

"அசைஞ்சா என்ன? வண்டில உக்காந்தா மனுசங்க அசையத்தான் செய்வாக. தப்பு என் கையில இருந்துச்சு."

அவள் குரல் உடைந்தது. "விழுக எனக்கென்ன பயம்? மறுபடி அசைஞ்சு உங்களக் கொன்னுருவேனோன்னுதான் பயம். பஸ்ல உக்காந்தாக்கூட அசையாம உக்காருவேன். ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் முட்டி போட்டு மன்னிப்புக் கேட்டேனே. செய்யாத தப்புக்குக் கேட்ட மன்னிப்ப இப்ப எங்க போய் திருப்பி வாங்க?"

ஞானசிகாமணி அழுதுவிட்டார். அவளைத் தொடப் போனார். ஈரப் போர்வையாலேயே தோளில் ஒன்று வைத்தாள். "சபையில வச்சுத்தான சொன்னீக. சபையிலயே சொல்லுங்க."

மறுநாள் சாட்சி நேரத்தில் எழுந்தார். "குச்சனூர் வளைவுல விழுந்தது என் முன் பிரேக்கால. என் சம்சாரம் மேல ஒரு தப்பும் இல்ல. அன்னைக்கு இங்கன நின்னு நான் சொன்னது தப்பு. உங்க எல்லாரு முன்னாடியும் அவகிட்ட மன்னிப்புக் கேக்குறேன்." போதகர் முழித்தார். இதற்கு என்ன சொல்வதென்று தெரியாத சபை, பழக்கத்தில் "அல்லேலூயா" என்றது. சாராள் இந்தத் தடவை குனியவில்லை.

வாசலில் ஷேர் ஆட்டோக்காரர், "ஏறுங்கக்கா" என்றார்.

"நீ போப்பா" என்றுவிட்டுப் புல்லட்டில் ஒருக்களித்து ஏறி உட்கார்ந்தாள். அவர் மெதுவாகக் கிளம்பினார். தெருமுனை தாண்டியதும் பின்சீட்டில் சாராள் இடப்பக்கம் திரும்பினாள். அப்புறம் வலப்பக்கம். பூக்காரியைப் பார்த்துக் கையாட்டினாள். புடவையை இழுத்துவிட்டாள். இல்லாத கொக்கைத் தேடி வானத்தைப் பார்த்தாள். கடைத்தெரு முழுக்க, வேண்டுமென்றே, அசைந்துகொண்டே வந்தாள்.